வெற்றுத் தாளில் கைநாட்டு

"யாருக்குக் குடுத்திருக்காங்க கிராணியாரே? சும்மா சொல்லுங்க. நான் ஒண்ணும் அழுதுட மாட்டேன்."

வடிவம்மாள் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள். ஜெனீவாவில் இருக்கும் ஓர் அறநிதியிலிருந்து அவள் பெயருக்கு வந்த கடிதம் குமாஸ்தா ரேமண்டின் கையில் இருந்தது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குயின் தெருவின் பின்சந்தில் ஒரே ஒரு வாடகை அறை வைத்து, தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைத்தாச்சிகளுக்குப் பிரசவம் பார்ப்பவள்.

ரேமண்ட் கடிதத்தை மூன்றாம் முறையாகப் படித்தான்.

"எங்க சங்கத்துக்குத்தான் அக்கா."

அவன் குமாஸ்தாக்கள் சங்கத்துச் செயலாளர். ஊருக்கு ஒருவருக்கு மட்டும் பணம் தரும் அந்த நிதியிடம் அவள் பிரசவ அறையைப் பெரிதாக்கக் கேட்டிருந்தாள்; சங்கமும் ஒரு டிஸ்பென்சரி கட்ட விண்ணப்பித்திருந்தது. அந்த விண்ணப்பம், வடிவம்மாளின் விண்ணப்பம் இரண்டையும் நிரப்பியது அவன்தான்.

"அப்பாடா, ஊருக்குள்ளதான் வந்திருக்கு. கடைசியில ஒரு கேள்வி இருந்துச்சே, உனக்கு இல்லன்னா இந்த ஊருல வேற யாருக்குக் குடுக்கலாம்னு. உங்க சங்கத்தப் போடச் சொன்னேனே, போட்டீங்களா?"

"போட்டேன்க்கா."

"அதான் பலிச்சிருக்கு." அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா, சங்கத்துத் தாள்ல அந்தக் கேள்விக்கு யாரப் போட்டீங்க?"

ரேமண்ட் பேனாவின் மூடியைத் திறந்தான். மறுபடி மூடினான்.

"உங்களத்தான்."

"பாத்தீங்களா, ஒருத்தர ஒருத்தர் விட்டுக் குடுக்கலல்ல." சிரித்தாள். "போன வாரம் பைராம் தோட்டத்துப் புள்ள ஒண்ணு, உள்ள எடமில்லாம கதவோரத்துலயே பெத்துச்சு. மழைச்சாரல் வேற. உங்க டிஸ்பென்சரில நம்ம பொண்ணுங்களுக்கு ஒரு கட்டில் போட்டுக் குடுங்க, போதும்."

"பாக்கலாம்க்கா." டிஸ்பென்சரியின் மேல் மாடியில் சங்கத் தலைவருக்கு ஓர் அறையும் கேரம் பலகையும் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

"வேர்த்துக் கொட்டுதே, ஒடம்புக்கு என்ன? இஞ்சித் தண்ணி போட்டுக் குடிங்க. பதில் ஏதும் போடணுமா?"

"போடணும்க்கா. உங்க கைநாட்டோட."

"அதுக்கென்ன."

மைத்தட்டை அவளே இழுத்து, கட்டை விரலை அழுத்தி, மேஜையிலிருந்த வெற்றுத் தாளின் அடியில் பதித்தாள்.

"எழுதிட்டுக் கைநாட்டு வாங்கறதுதானேக்கா முறை?"

"உங்களுக்குத் தெரியாததா? நீங்களே எழுதிக்குங்க. எனக்கு ரொம்ப சந்தோஷம்னும் ஒரு வரி சேத்துக்குங்க. வூட்டுல ஒருத்தி வலியில கெடக்கறா, நான் போறேன்."

அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. ரேமண்ட் தாளைப் பார்த்தான். அடியில் ரேகைகள் தேய்ந்துபோன ஒரு விரல். மேலே முழுவதும் வெறுமை. என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

எழுந்து படிக்கட்டுக்கு ஓடினான்.

"அக்கா, நில்லுங்க. நான் தப்பாப் படிச்சிட்டேன்."

"எந்த எடத்துல?"

அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. கடிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதிலிருந்ததைத் தமிழில் சொன்னான்.

"உங்க ஊர்லேருந்து விண்ணப்பம் போட்ட பதினொரு பேருல, கடைசிக் கேள்விக்கு இன்னொருத்தர் பேர எழுதினது நீங்க ஒருத்தர் மட்டும்தான், அதனால உங்களத்தான் தேர்ந்தெடுத்திருக்கோம்."