வளைந்த ஊசி

அறையில் இருந்தவர்கள்: வாங்க வந்த அவன். வீட்டுக்காரி தெக்லா அம்மாள். கைலி கட்டிய அவள் மருமகன் ரெமிஜியுஸ். மேசைமேல் பழைய தையல் இயந்திரங்கள் இரண்டு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

அவன் பெரியதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சின்னதைப் பார்க்கக்கூடாது. பழைய இயந்திரங்களைச் சேர்ப்பவர்களின் முதல் விதி அது. எது வேண்டுமோ அதன் பக்கம் கண் போகக்கூடாது. பக்கத்தில் இருப்பதைப் புகழ வேண்டும்.

புகழ்ந்தான்.

"என்ன ஒரு வார்ப்பு பாருங்கம்மா. அந்தத் தங்கப்பூ இன்னும் அழியல. இந்த மாதிரி இப்ப எங்க வருது?"

தெருவுக்கு நாலு வீட்டில் இருக்கும் கறுப்பு இயந்திரம். அவன் வீட்டு மொட்டைமாடியிலேயே சில துருப்பிடித்துக் கிடந்தன.

உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எழுந்து ஜன்னல்வரை போனான். வெளியே தூத்துக்குடி வெயில். உப்பு லாரி ஒன்று நகராமல் உறுமிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தான். வரும்போது ஓரக்கண்ணால் சின்னதைப் பார்த்துவிட்டான்.

ஊசி வில்லாக வளைந்திருந்தது.

இதுவரை புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறான்.

தையல் இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று உலகத்துக்கே தெரியாத காலத்தில் செய்தது. துணி இதில் முன்னிருந்து பின்னால் போகாது. இடமிருந்து வலமாகப் போகும். ஊசி நேராகக் குத்தாது. கோழி இரை கொத்துவதுபோல் வளைந்து இறங்கும்.

அதற்கும் முன்னால் பாரிஸில் ஒரு தையற்காரன் மரத்தில் ஒன்று செய்தான். மற்ற தையற்காரர்கள் கும்பலாக வந்து அவன் பட்டறையை உடைத்தார்கள். அமெரிக்காவில், ஊசியின் காதை நுனியில் வைத்தது யார் என்று ஒருவன்மேல் ஒருவன் வழக்குப் போட்டான். கடைசியில் நேர் ஊசி ஜெயித்தது. வளைந்த ஊசியைச் செய்வதை நிறுத்தினார்கள். செய்ததில் பாதி உலைக்குப் போயிருக்கும்.

இது போகவில்லை.

எந்தக் கப்பலில் வந்து இறங்கியதோ.

"அந்தச் சின்னது என்னத்துக்காவது ஆகுமா?" என்றாள் தெக்லா அம்மாள்.

"எது? இதுவா?" அப்போதுதான் பார்ப்பதுபோல் குனிந்தான். "ஊசியே வளைஞ்சுபோய்க் கிடக்கேம்மா. கெட்டுப்போனது. நான் பெருச எடுத்துக்கறேன். இடத்த அடைக்குதுன்னா இதையும் கூடப் போட்டு விடுங்க."

குரல் பிசகவில்லை. நல்ல பொய்.

"வளைஞ்சுதான கெடக்கு?" ரெமிஜியுஸ் எழுந்தான். "நிமித்திட்டாப் போச்சு."

அலமாரியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தான்.

"பாத்து மாப்ள."

"மிக்சியையே கழத்தி மாட்டுனவன் நானு அத்த."

"அந்த மிக்சி அன்னைக்கே செத்துச்சு."

வாங்க வந்தவனும் சிரித்துவைத்தான்.

அந்த ஊசி நிமிராது. ஒடியும். அதுபோல் இன்னொன்றை இன்று யாரும் செய்வதில்லை.

ஒடியட்டும். ஊசி இல்லாவிட்டாலும் இயந்திரம் அவனுடையது. வாயைத் திறந்தால் போயிற்று. திறக்காதே. ஜன்னலைப் பார். லாரியைப் பார்.

பிளேயர் ஊசியைக் கவ்வியது.

"ஏய், விடு!"

அவன் குரல்தான். ரெமிஜியுஸின் மணிக்கட்டை அவன் பிடித்திருந்தான். நகம் பதியும்படி.



தெக்லா அம்மாள் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு ஏலத்துல மீன் எடுத்தவரு" என்றாள். "நல்ல மீனக் கண்டா மூக்கப் பொத்திக்கிடுவாரு. நாறுதும்பாரு."

அவன் கையை எடுத்தான்.

"அம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். பெருச எடுத்துக்கிடுதேன்னியளே. எடுத்துக்கிடுங்க. சும்மாவே கொண்டு போங்க. மாப்ள, சாருக்குத் தூக்கி விடுங்க."

ரெமிஜியுஸ் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். பிறகு பெரிய இயந்திரத்தைத் தூக்கி அவன் கைகளில் வைத்தான். வைத்தான் என்பதைவிடப் போட்டான். வார்ப்பிரும்பு. முதுகு ஒரு பக்கம் இழுத்தது. பழைய எண்ணெய் சட்டையில் இறங்கியது. கீழே வைக்க இடமும் இல்லை, முகமும் இல்லை.

வாசற்படி தாண்டித் திரும்பினான்.

தெக்லா அம்மாள் சின்னதை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இப்போது அதை நேராகப் பார்க்கலாம். எந்த விதியும் இல்லை. பார்த்தான். ஊசிக்கு ஒன்றும் ஆகவில்லை. நுனியில் காது தெரிந்தது.

"இத எப்படி ஓட்டணும்?" என்று கேட்டாள்.

சொல்லலாம். சொல்லாமல் போகலாம்.

"சக்கரத்தப் பின்பக்கமா சுத்திராதீங்க, ஊசி ஒடிஞ்சிரும்" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். கதவைச் சாத்தினாள். உள்ளே சாவி திரும்பியது.