ஒன்றுக்கு இரண்டு

மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்த கவர் முந்தாநாளே வந்துவிட்டது. நல்ல தடிமன். இடம் இல்லையென்றால் ஒற்றைத் தாளோடு ஒல்லியாக வருமாம். முன்கூட்டியே அப்ளிகேஷன் போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் டிசம்பரிலேயே முடிவு தெரிந்துவிடும் என்பதால், எடிசன் ஊரில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை.

அப்படியும் திருமூர்த்தி இன்றும் லீவு போட்டுவிட்டு, ஜன்னலோரம் தபால் வண்டிக்குக் காத்து நின்றார். வரவேண்டியது வந்தாச்சே, இன்னும் யாருக்குக் காவல் என்று மனைவி தனபாக்கியம் கேட்டுப் பார்த்தாள். மனுஷன் கண் தெருவை விட்டு நகர்ந்தால்தானே!

எட்டாம் வகுப்பிலிருந்து மகள் யாமினிக்கு அந்த ஒரு காலேஜ்தான் மூச்சு. கவர் வந்த அன்றே தனபாக்கியம் கேசரி கிளறித் தெரு முழுக்கக் கொடுத்தாயிற்று.

ஒரு மணிக்கு வண்டி வந்தது. செருப்புகூடப் போடாமல் பனியில் ஓடிய திருமூர்த்தி, இன்னொரு தடிமன் கவரோடு திரும்பினார். வேறொரு காலேஜ்.

“இதுக்கு எப்பங்க போட்டா?”

“அவ எங்க போட்டா? நான்தான் போட்டேன்.”

யாமினி எழுதிய கட்டுரையைக் காப்பி எடுத்து, அவள் கையெழுத்தையும் தானே போட்டு அனுப்பினாராம். கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் பத்து வரி இருந்தது. அதையெல்லாம் யார் படிப்பது? கோயம்புத்தூரில் பதினாலு காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டு ஒன்றில் நுழைந்தவர் அவர். ஒரே இடத்தை நம்பி உட்காருகிறவன் முட்டாள் என்பது அவர் கட்சி.

தனபாக்கியத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒன்றுக்கு இரண்டு!

மூன்று மணிக்கு யாமினி ஸ்கூலிலிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. அங்கே காலேஜ் அப்ளிகேஷன்களைக் கவனிக்கும் கவுன்சிலர் கூப்பிட்டு, நீ பொய் சொன்னாயா என்று மூன்று முறை கேட்டாராம். திருமூர்த்தி அதைக் காதிலேயே வாங்கவில்லை. இரண்டு கவரையும் அவள் முன்னால் வைத்தார்.

“எது வேணும்னு நீயே சொல்லு கண்ணு.”

இரண்டாவது கவரில் தன் பெயரைப் பார்த்ததும் யாமினிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள்.

“ஒரே ஒரு காலேஜுக்குத்தான் முன்கூட்டி அப்ளை பண்றேன்னு ப்ராமிஸ் பண்ணித்தான்பா அந்த ஃபார்ம்ல ஸைன் பண்ணணும். யார் யாரை எடுத்தோம்னு காலேஜுங்க தங்களுக்குள்ள லிஸ்ட்டை ஷேர் பண்ணிப்பாங்க.”

“அது கெடக்கட்டும். இப்ப எந்தக் காலேஜ்?”

“ரெண்டும் போச்சுப்பா.”