ஒரு முடியளவு

"பாலத்து ஏத்தத்துல, நடந்து போற ஆள் எங்க காரைத் தாண்டிப் போறார். போனவர் சும்மாவும் போகலை. திரும்பிப் பார்த்து, 'தள்ளி விடட்டுமா'ன்னு கேக்கறார்! நீங்கல்லாம் ஒரு மெக்கானிக்கா?"

மகன் போட்ட சத்தத்தில் ஷெட்டே திரும்பிப் பார்த்தது.

அப்பா அந்த இருபது வருஷத்துக் காரின் கதவில், இல்லாத தூசியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் மகனுக்குத் தெரியாமல் இதே ஷெட்டுக்கு வந்தவர் அவர். "பையன் கண்மண் தெரியாம ஓட்டறான், தம்பி. வண்டி பாயாதபடி ஆக்சிலேட்டர் சென்சாரை ஒரு முடியளவு திருப்பி வையுங்க. அவனுக்குத் தெரிஞ்சா வீட்டையே ரெண்டாக்கிடுவான்" என்று மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்.

இப்போது அந்தக் கை பானெட்டைத் திறந்தது. அப்பா துடைப்பதை நிறுத்தினார்.

மெக்கானிக் வோல்ட்மீட்டரின் ஊசியைச் சென்சார் ஒயரில் செருகிப் பார்த்தார்.

"ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கறோம்னு இன்ஜினுக்குச் சொல்ற சென்சார் இது. கால் வைக்காதப்ப அரை வோல்ட் காட்டணும். அதுல பாதிகூடக் காட்டலை. நீங்க ஓங்கி மிதிச்சாலும், 'சும்மா தொட்டார்'னுதான் இது போய்ச் சொல்லும்."

"நீங்க சர்வீஸ் பண்ற லட்சணம் அப்படி! ஒரு ஸ்க்ரூவை ஒழுங்கா முடுக்கத் தெரியலை!"

மெக்கானிக்குக்குச் சுருக்கென்று தைத்தது. "ஸ்க்ரூ நல்லாத்தான் முடுக்கியிருக்கு, தம்பி. இது தானா திரும்பாது. நானாவும் திருப்பலை. வந்து சொன்னவங்க சொன்னதாலதான்..."

அப்பாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நிற்காத இருமல்.

"சரி சரி, விடுங்க!" மகன் அவசரமாகக் குறுக்கிட்டான். "ஆனது ஆச்சு. இப்ப சரி பண்ணிக் குடுங்க, போதும்."

என்ன பெருந்தன்மை! யார் பெத்த பிள்ளை! அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது.

மெக்கானிக் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் தப்புதான்" என்றார். ஸ்க்ரூவைத் தளர்த்தி, சென்சாரை மெல்ல நகர்த்தி, மீட்டர் அரை வோல்ட் காட்டியதும் முடுக்கினார்.

மகன் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான். வண்டி தெருமுனையைத் திரும்பும்வரை காத்திருந்து, அப்பா மெக்கானிக்கை நெருங்கினார்.

"மானத்தைக் காப்பாத்திட்டீங்க, தம்பி. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. நான் ஒரு முடியளவுதானே சொன்னேன்? எதுக்கு இவ்வளவு திருப்பினீங்க?"

"உங்களுக்காக ஒரு முடியளவுதான் சார் திருப்பினேன்." மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தார். "அதுக்கு முந்தின வாரம் உங்க பையன் வந்து, 'அப்பா இப்பல்லாம் பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சிடறார். சொன்னா மனசு ஒடிஞ்சிடுவார். அவருக்குத் தெரியாம வண்டி பாயாதபடி பண்ணிடுங்க'ன்னு இதே மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டார். அவருக்காகவும் ஒரு முடியளவுதான்."