நிற்காத பங்கா

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை இரு கைகளாலும் தலைப்பாகையைப் பிடித்திருந்தார். தலைக்கு மேல், சுவருக்கு வெளியே ஆள் உட்கார்ந்து கயிறு இழுக்க ஆடும் துணிப் பங்கா நிற்காமல் வீசியது.

"லேய் சுயம்பு, போதும்லே, கயித்த விடு," என்று பெண்ணின் அப்பா ஓவர்சியர் இஸ்ரவேல் சுவருக்கு அப்பால் கேட்கும்படி கத்தினார். பங்கா வேகமெடுத்தது.

"அவன் உறக்கத்திலயும் இழுப்பான்," என்று மாப்பிள்ளையிடம் சமாதானம் சொல்லிவிட்டு, உயரத்துச் சன்னல் வழியாக ஒரு செம்புத் தண்ணீரை வெளியே வீசினார். பங்கா இன்னும் வேகமெடுத்தது.

மாப்பிள்ளை காப்பிக்குக் கை நீட்டியதும் தலைப்பாகை பறந்தது. உள்ளே முழு வழுக்கை. உடனே பங்கா நின்றது.

இஸ்ரவேல் பின்பக்கம் ஓடினார். சுயம்பு ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். கயிறு அவர் மகள் தேவகனியின் கையில் இருந்தது. கண் சுவர்த் துளையில் இருந்தது. பட்டுச்சேலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"என் சடையில சவுரி உண்டான்னு அவிழ்த்துப் பாப்பாவளாம். அவிய தலைய நான் பாக்கண்டாமாப்பா?"