பதினான்காம் எண் வீட்டுப் பறவை

வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டதும் கிளெண்டா நெற்றியில் இருந்த பிளாஸ்டரை இன்னொரு முறை அழுத்திவிட்டாள். ஒரு மூலை மட்டும் ஒட்ட மறுத்தது. விரலில் எச்சில் தொட்டுத் தடவினாள்.

பிளாஸ்டருக்கு அடியில் காயம் எதுவும் இல்லை. அறுபத்திரண்டு வயதில், சொன்ன ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இப்படியெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது.

கணவர் கீத் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியும் மர்லீனும் அவளுடைய நடைப்பயிற்சிக் கூட்டமும் ஆறுதல் சொல்வதை விடவில்லை. வியாழன்தோறும் டூனா பாஸ்தாவோடு வந்து உட்கார்ந்து, "இன்னும் அழறியா?" என்று கேட்டார்கள். இல்லை என்றால் முகம் வாடிப்போனார்கள்.

பொறுக்க முடியாமல்தான் அங்கே வசந்தம் பிறக்கும் செப்டம்பர் தொடக்கத்தில் ஊர்க் கவுன்சிலுக்கு போன் போட்டாள். வீட்டு வாசலில் ஒரு மேக்பை, காக்கை அளவு கறுப்பு வெள்ளைப் பறவை, போகிற வருகிறவர் தலையைக் கொத்துகிறது என்றாள்.

வசந்தகால அறிவிப்புத் தாளில் அது அச்சாகி வீடு வீடாகப் போனது. 'காட்டுத்தீக் காலத்துக்கு முன் புல்லை வெட்டிவிடவும். விறகு எடுக்கும்போது பாம்பு பார்த்து எடுக்கவும். வாட்டில் தெரு பதினான்காம் எண் வீட்டருகே மேக்பை குஞ்சு காக்கிறது, வேறு வழியாகப் போகவும்.'

மறுநாளே தெரு துடைத்துவிட்டதுபோல் ஆனது. குஞ்சு வைத்திருக்கும் மேக்பையோடு அந்த ஊரில் யாரும் விளையாடமாட்டார்கள், மர்லீன் உட்பட.

முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. இரண்டாம் வாரம் ஃபிரிட்ஜ் முனகுவது படுக்கையறை வரை கேட்டது.

மூன்றாம் வாரம் கவுன்சிலிலிருந்து நெவில் வந்தார். புகார் வந்த பறவையை ஊழியர் மூன்று தடவை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. பறவை இல்லையென்றால் அடுத்த தாளில், பாம்புக்கும் புல்லுக்கும் நடுவே, தவறான புகார் என்று வீட்டு எண்ணோடு போடுவார்கள். ஊரே படிக்கும். வியாழக்கிழமை மர்லீன் அந்தத் தாளோடும் பாஸ்தாவோடும் வருவாள்.

இன்று மூன்றாவது தடவை.

நெவில் வண்டியை விட்டு இறங்கினார். பின்பக்கம் இரண்டு பெரிய கண்கள் வரைந்த காலி ஐஸ்கிரீம் டப்பா கையில் இருந்தது. பறவை பயந்து ஒதுங்கட்டும் என்று ஊரில் எல்லோரும் தலையில் கவிழ்த்துக்கொள்வதுதான். அவர் அதைக் கேட் கம்பத்தில் மாட்டிவிட்டு, வழுக்கைத் தலை வெயிலில் பளபளக்க நிதானமாக நடந்து வந்தார். கிளெண்டாவின் கண் அவர் மற்றொரு கையில் இருந்த படிவத்தின்மேல் இருந்தது.

"நெத்தியில என்ன?"

"காலையில துணி காயப்போடும்போது கொத்திடுச்சு."

"முன்னாடியிருந்தா வந்துச்சு?"

மேக்பை பின்னாலிருந்துதான் பாயும். அங்கே மழலையர் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

"நான் திரும்பிட்டேன்" என்றாள்.

"கெட்டிக்காரப் பறவை. நீங்க திரும்புற வரைக்கும் பொறுமையா இருந்திருக்கு."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். வராந்தாவில் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் தேநீரும், தேங்காய்த்துருவலில் புரட்டிய கேக் துண்டுகளும் கொண்டுவந்து வைத்தாள்.

"போன தடவை நாலு தின்னுட்டேன். நீங்க கவனிக்கலன்னு நெனச்சேன்."

"கவனிச்சேன். அதான் இன்னிக்கு எட்டு."

"பொண்டாட்டி விட்டுட்டுப் போன பத்து வருஷத்துல எனக்கு யாரும் எட்டு வெச்சதில்ல" என்றார் நெவில். பிறகு யூகலிப்டஸ் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "கூடு ஒண்ணும் தெரியலையே."

"ரொம்ப உச்சியில இருக்கு."

"எவ்வளவு உச்சியில?"

"கண்ணுக்குத் தெரியாத உச்சியில."

"ம்" என்று அதையும் எழுதிக்கொண்டார்.

கிளெண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகுநாளாகக் காணாத ஒருத்தியின் குரல் போல அது அவளுக்கே கேட்டது. உடனே கண் படிவத்துக்குப் போனது. ஊர் சிரிப்பதுகூடப் பரவாயில்லை, இரண்டு மாதத்தில் மறந்துவிடும். இந்தப் படிவம் கவுன்சிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் இந்த நாற்காலிக்கு வேலை இருக்காது. அதைத்தான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாமல் இருந்தாள். காலையில் பச்சை ஸ்வெட்டரை எடுத்துப் போட்டபோதுகூட, குளிருக்காக என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் போனது. மரத்தில் இலைகூட அசையவில்லை. தட்டில் இரண்டு துண்டுதான் மிச்சம்.

நெவில் நீளமாக எதையோ எழுதி முடித்துப் படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"புகார் கொடுத்தவங்க கையெழுத்து வேணும். படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

'பறவை இருப்பது உறுதி. மிகவும் மூர்க்கமானது. மூன்று வருகையிலும் ஊழியரின் தலையில் கொத்தியது. எச்சரிக்கை தொடரட்டும். நவம்பர் முடியும்வரை ஊழியர் வாரம் இருமுறை நேரில் வந்து கண்காணிப்பது அவசியம்.'

இரண்டு தடவை படித்தாள். நிமிர்ந்து அவர் தலையைப் பார்த்தாள். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"நெவில், உங்கள எந்தப் பறவை கொத்துச்சு?"

அவர் பேனாவை அவளிடம் நீட்டினார்.

"உங்களக் கொத்துச்சே, அதேதான்."