சைக்கிள் பரீட்சை

சைக்கிளில் ஏறித் தெருக்கோடி வரை போய்த் திரும்ப வேண்டும். கால் தரையில் படக் கூடாது. கிராம உதவியாளர் வேலைக்கு அதுதான் கடைசிப் பரீட்சை.

ஐந்தாம் வகுப்பு போதும் என்ற வேலைக்கு அரசப்பன் எம்.ஏ. வரலாறு படித்துவிட்டு வந்திருந்தான். அதற்காக அவன் வெட்கப்படவில்லை. வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றவன் பி.எட்.டும் முடித்திருந்தான்.

சத்துணவு, ஹாஸ்டல், ஸ்காலர்ஷிப் எல்லாம் அரசாங்கம் கொடுத்தது. ஆட்சி மாறினாலும் அது நிற்கவில்லை. வேலைதான் வரவில்லை.

வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இதை விட்டால் அப்பா வீரையனோடு அறுப்புக்குப் போக வேண்டியதுதான். அறுப்புக்கும் இப்போது மெஷின் வந்துவிட்டது.

ஆபீஸ் வாசலில் தாசில்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அரசப்பன் ஏறி மிதித்தான். சைக்கிள் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. திருத்துறைப்பூண்டி பஸ்ஸைப் பிடிக்க வாய்க்கால் கரையிலேயே ஓட்டிப் பழகியவன்.

பாதித் தெருவில் ஒரு பெரிய வீடு. வாசலில் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அரசப்பன் இறங்கிவிட்டான்.

இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். நாலடி நடந்த பிறகுதான் தான் இறங்கியதே அவனுக்கு உறைத்தது.

அவன் ஊரில் மிராசுதார் தெரு வந்தால் காலனிக்காரர்கள் இறங்கித்தான் தள்ளுவார்கள். அப்படிச் சட்டம் ஏதும் இல்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் செங்கொடி பிடித்து, திருச்சி ஜெயிலுக்குப் போனவர் வீரையன். விடுதலையாகி வந்த அன்றும் அந்தத் தெருவில் இறங்கித்தான் தள்ளினார். மிராசுதார் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது. இப்போது பூட்டுக்கு இறங்குகிறார்கள்.

ஆனால் இது அந்த ஊர் இல்லை. இந்தப் பெரியவரும் மிராசுதார் இல்லை, ஜவுளிக்கடை பக்கீர் முகம்மது. அரசப்பனை முன்பின் பார்த்ததில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக் கரிசனமாகக் கேட்டார்.

“என்ன தம்பி, பஞ்சரா?”

“ஆமாங்க.”

அவனுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் படித்ததில் ஒரு பாடம்கூடக் காலுக்குப் போய்ச் சேரவில்லை.

அங்கிருந்தே திரும்பி ஆபீஸ் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தான். பஞ்சர் என்று சொன்ன பிறகு ஏறி ஓட்டினால் நன்றாகவா இருக்கும்?

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஓர் ஆள் குறைந்த திருப்தியில் கிளார்க் பேனாவைத் திறந்தார்.

“பஞ்சருங்க சார்” என்றான் அரசப்பன். வேலை போய்விட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

தாசில்தார் எழுந்து வந்தார். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. பிறகு தெருவைப் பார்த்தார். அந்தப் பெரிய வீட்டையும் வெள்ளை வேட்டியையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பஞ்சர்தான். வேற சைக்கிள் குடுங்க” என்றார் கிளார்க்கிடம்.

அரசப்பன் வேறு சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தபோது தாசில்தார் பக்கத்தில் வந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“எங்க ஊருக்குப் போனா எனக்கு ஜீப்பே பஞ்சராயிடுது, தம்பி.”