கூப்பிட்டால் வராத குஞ்சு

பருந்து வட்டமிட்டால் தாய்க்கோழி குரல் கொடுக்கும். மற்ற குஞ்சுகள் ஓடிவந்து இறக்கைக்குள் புகுந்துகொள்ளும். கடைக்குட்டி மட்டும் குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டு அங்கேயே நிற்கும். ஒவ்வொரு தடவையும் தாய்தான் ஓடிப்போய் அதை மூடிக்கொள்ள வேண்டும். பருந்து போன பிறகு அதன் தலையில் இரண்டு கொத்து விழும்.

அறிவுரைக்கு மட்டும் அந்தத் தெருவில் பஞ்சமே இல்லை.

"திமிரு பிடிச்சது. இன்னும் நல்லாக் கொத்துங்க அக்கா," என்றது பக்கத்து வீட்டுப் பெட்டை.

"வளர்ந்தா சரியாப் போயிடும். சின்னதுல நானும் இப்படித்தான்," என்றது சேவல், வேலியை விட்டு இறங்காமலே.

கத்திக் கத்தித் தாய்க்குத் தொண்டை கட்டிவிட்டது. அன்று சாயங்காலம் மறுபடியும் பருந்தின் நிழல் தரையில் விழுந்தபோது குரலே எழும்பவில்லை. ஓடவும் தெம்பில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து இறக்கையை மட்டும் விரித்தது.

தற்செயலாகத் திரும்பிய கடைக்குட்டி அந்த இறக்கையைப் பார்த்தது. பார்த்ததும் ஒரே ஓட்டமாக வந்து உள்ளே புகுந்துகொண்டது. மற்ற குஞ்சுகள் அதற்குப் பின்னால்தான் வந்தன.

பருந்து போனதும் தாய் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, கடைக்குட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தது. மற்ற குஞ்சுகள் எல்லாம் திரும்பின. அது திரும்பவில்லை.

"என்னக்கா, இன்னைக்குக் கொத்தலையா?" என்றது பக்கத்து வீட்டுப் பெட்டை.

தாய் குஞ்சின் உச்சந்தலையில் இறகு முளைக்காமலே போய்விட்ட அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.